சிறு தொழிலும் இரண்டு அட்டைகளும்



திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று கீழே நோக்கினால் ஊரின் தெருக்களும், அவற்றுக்கு அப்பால் விரிந்த சமவெளியும் கண்ணுக்குத் தெரியும். அத்தெருக்களுள் சிலவற்றில் அரத்தின் ஓசை இன்றும் கேட்கிறது. அங்கே கையால் செய்யப்படும் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னாளபட்டியிலே சேலைத் தொழில். ஒட்டன்சத்திரத்திலே காய்கறி வாணிபம். இவற்றை நடத்துவோருள் பெரும்பாலோர் பெருமுதலாளிகள் அல்லர். நான்கைந்து பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு, வாரந்தோறும் கூலி கொடுத்துப் பிழைப்பவர்கள்.

இத்தகைய சிறு நிறுவனத்தின் அன்றாடச் செலவுக்குக் கடன் அட்டை நல்லதா, பற்று அட்டை நல்லதா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். உங்களுள் பலர் நாளை ஒரு கடையையோ பட்டறையையோ நடத்தப் போகிறவர்கள். ஆகவே இதனை இப்போதே அறிந்துகொள்வது நலம்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். பேரேட்டில் பற்று, வரவு என்று இரு பத்திகள் இருப்பதை வணிகவியல் மாணவர்கள் அறிவார்கள். நம் கணக்கில் உள்ள பணம் அன்றைக்கே பற்று எழுதப்பட்டுக் கழிந்தால் அது பற்று அட்டை; அதைத்தான் டெபிட் கார்டு என்கிறோம். வங்கி தன் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் நம்மிடம் வசூல் செய்தால் அது கடன் அட்டை, அதாவது கிரெடிட் கார்டு. இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். ஆயினும் ஒன்று நம் பணப்பை. மற்றொன்று மளிகைக் கடையின் கடன் நோட்டு.

கடன் நோட்டு அட்டையான வரலாறு நெடியதன்று. 1950ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் டைனர்ஸ் கிளப் என்னும் நிறுவனம் உணவு விடுதிகளில் கணக்கு வைத்துச் சாப்பிட ஓர் அட்டையை வழங்கியது. 1958ஆம் ஆண்டில் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தாருக்கு ஏறத்தாழ 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. அதுவே 1976ஆம் ஆண்டில் விசா என்னும் பெயர் பெற்றது. நம் நாட்டுக்கென ரூபே அட்டை 2012ஆம் ஆண்டில் தோன்றியது.

இனி, கடன் அட்டையின் நன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு பட்டறைக்காரர் இரும்புத் தகடும் பித்தளையும் வாங்குகிறார். அவை பூட்டாக மாறி, வெளியூர் வியாபாரியின் கைக்குச் சென்று, பணமாகத் திரும்பி வரச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தை எதனால் நிரப்புவது? கடன் அட்டை பொதுவாக 20 முதல் 50 நாள் வரை வட்டியின்றித் தவணை தருகிறது. மாதந்தோறும் 5ஆம் தேதி கணக்கு முடிந்து, 25ஆம் தேதி பணம் கட்ட வேண்டும் என்று கொள்வோம். 6ஆம் தேதி வாங்கிய தகட்டுக்கு அடுத்த மாதம் 25ஆம் தேதி வரை, ஏறத்தாழ 50 நாள் கிடைக்கும். 4ஆம் தேதி வாங்கிய தகட்டுக்கோ அதே மாதம் 25ஆம் தேதியே கெடு, 21 நாள்தான். இரண்டு நாள் பொறுத்திருந்தால் ஒரு மாதம் மிச்சம்! அட்டையை வைத்திருப்பவருள் எத்தனை பேர் இதனைக் கவனிக்கிறார்கள்?

நன்மை இதனோடு நில்லாது. ஒழுங்காகக் கட்டி வந்தால் அவருக்குக் கடன் நாணயம் வளரும். பின்னாளில் இயந்திரம் வாங்க வங்கியில் கடன் கேட்கும்போது அந்த வரலாறு துணை செய்யும்.

ஆனால், கெடு தவறினால் என்ன ஆகும்? இங்கேதான் ஆபத்து இருக்கிறது. பல வங்கிகள் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வட்டி வாங்குகின்றன. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது மூன்றரை வட்டி. ஆண்டுக்கு நூற்றுக்கு 42. தெருவில் ஒருவர் மூன்றரை வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் நாம் அஞ்சி ஒதுங்குவோம். அதே வட்டி பளபளக்கும் அட்டையில் வந்தால் நமக்கு அச்சம் தோன்றுவதில்லை. நூற்றுக்கு 30க்கு மேல் வாங்கலாகாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ஆம் ஆண்டில் கூறியது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நீக்கிவிட்டது. ஆகவே நம்மைக் காத்துக்கொள்ள வேண்டியவர் நாமே.

குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று கணக்குத் தாளில் ஒரு வரி இருக்கும். 50,000 ரூபாய் பாக்கியில் ஒருவர் 2,500 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 47,500 ரூபாய்க்கு மூன்றரை வட்டி வீதம் ஒரு மாதத்துக்கு 1,662 ரூபாய். அவ்வட்டியின் மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 299 ரூபாய். மொத்தம் 1,961. மறுமாதமும் அவர் 2,500 ரூபாய் கட்டினால், அசலில் குறைவது 539 ரூபாய்தான். மேலும், பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத் தவணை கிடையாது. வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும். கடன் அட்டையால் ரொக்கம் எடுத்தாலும் அவ்வாறே.

தனியொருவர் நடத்தும் தொழிலில் பட்டறைக் கடன் வேறு, சொந்தக் கடன் வேறு என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. பட்டறைக் கடன் வீட்டு வாசலுக்கும் வரும் என்பதை மறத்தலாகாது.

அப்படியானால் பற்று அட்டையே போதுமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேட்ட பிறகு அந்த எண்ணம் மாறியது. அவர் ஆறு பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர். கடனுக்கு அஞ்சி, எல்லாச் செலவையும் பற்று அட்டையிலேயே செய்து வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அவருடைய அட்டையின் விவரங்களை எவரோ கவர்ந்து 38,000 ரூபாயை எடுத்துவிட்டனர். மறுநாள் காலையிலேயே அவர் வங்கிக்கும், 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவித்தார். நம் பிழையின்றி மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்குப் பொறுப்பில்லை என்றும், வங்கி பத்து வேலை நாளுக்குள் அத்தொகையைக் கணக்கில் வைக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டில் சுற்றறிக்கை விடுத்தது. அதன்படியே பணமும் திரும்பி வந்தது. ஆனால் சனிக்கிழமைக் கூலி பத்து நாள் காத்திருக்குமா? அன்று மாலை அவர் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. கூலி குறையவில்லை; ஆறு வீடுகளிலும் அடுப்பு எரிந்தது.

களவு போனது கடன் அட்டை வழியாக நிகழ்ந்திருந்தால், வழக்கு வங்கியின் பணத்தைப் பற்றியதாக இருந்திருக்கும். கூலிப் பணம் கணக்கில் அப்படியே இருந்திருக்கும். இதுவே இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. ஆனால் இரகசிய எண்ணை நாமே பிறரிடம் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேரும் இழப்பு நம்முடையதே. எவ்வளவு நல்ல பூட்டாயினும் சாவியைத் திருடன் கையில் கொடுத்தால் என் செய்யும்?

ஆகவே இரண்டுள் ஒன்றைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லேன். செலவின் இயல்பைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். தேநீர், வண்டிச் சத்தம், சில்லறைச் சாமான் ஆகியவற்றுக்குப் பற்று அட்டையோ யுபிஐயோ போதும். அதற்கென ஒரு தனிக் கணக்கு வைத்து, அந்த வாரச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் வைக்கலாம். கூலிப் பணம் இருக்கும் கணக்கோடு அட்டையைச் சேர்க்கலாகாது. அட்டைக்கு உச்சவரம்பு வைக்கவும், வேண்டாதபோது முடக்கவும் வசதி தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டில் வங்கிகளைப் பணித்தது. அதனைப் பயன்படுத்துவது அறிவுடைமை.

கடன் அட்டை மூலப்பொருளுக்கு ஏற்றது; அதுவும் விற்ற பணம் கெடுவுக்கு முன் வந்து சேரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே. சிறு தொழிலாரிடம் வாங்கியவர் மிஞ்சினால் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அட்டையின் தவணையோ நீண்டால் 50 நாள். இடைவெளி ஐந்தே நாள்! வியாபாரி சற்றே தாமதித்தால் மூன்றரை வட்டி தொடங்கிவிடும். இன்னொன்று: சில கடைக்காரர் கடன் அட்டைக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்பர். 40 நாள் தவணைக்கு இரண்டு ரூபாய் என்றால் அது மாதம் ஒன்றரை வட்டி. வட்டியில்லாத் தவணை என்ற பெயர் அங்கே பொருந்தாது.

ரொக்கமே மேல் என்று சிலர் கருதுவர். ஆனால் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொழிற்செலவை வருமான வரிக் கணக்கில் பொதுவாகக் கழிக்க இயலாது. அட்டையில் கொடுத்தால் அந்தத் தடை இல்லை. மாத முடிவில் கணக்கும் எழுத்தில் நிற்கும்.

மாணவர்களே, கையில் அட்டையை எடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பணம் எந்தத் தேதியில், யாரிடமிருந்து திரும்பி வரும்? அது வராவிட்டால் சனிக்கிழமைக் கூலி எங்கிருந்து வரும்? இரண்டுக்கும் விடை சொல்ல முடிந்தால் கடன் அட்டையை நீட்டலாம். முடியாவிட்டால், உள்ள பணத்துக்குள் வாங்கிப் பற்று எழுதிக்கொள்வதே மேல்.