ஸ்கேலா, ஸ்க்ரூ கேஜா?

ஒரே ஒரு ஏ4 தாளோட தடிமனை சாதாரண ஸ்கேலை வெச்சு அளக்கச் சொன்னா சிரிப்பீங்கதானே? 500 தாள் உள்ள பேப்பர் கட்டை மேஜையில வைங்க. உறையை எடுத்துட்டு, நல்லா அழுத்திப் பிடிச்சு உயரத்தை அளங்க. 80 ஜி.எஸ்.எம். தாள்னா சுமார் 5 செ.மீ. வரும். 500-ஆல வகுத்தா, தாளுக்கு 0.1 மி.மீ!

ஸ்கேல்ல 1 மி.மீ. தப்பாப் படிச்சாலும் கவலை இல்ல. அந்தப் பிழையும் 500 பங்காகி, தாளுக்கு 0.002 மி.மீ.தான். லேப் ஸ்க்ரூ கேஜோட மீச்சிற்றளவே பொதுவா 0.01 மி.மீ. ஆச்சே! என்ன, ஸ்கேல்ல கிடைக்கிறது சராசரி மட்டும்தான்.

அடுத்த பிராக்டிகலுக்கு சீனியரோட ரெக்கார்டு நோட்டைத் தேடுறீங்களா பாஸ்? நீங்களே அளந்தா, பிழை எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். காப்பியடிச்ச ரீடிங்ல அது தெரியவே தெரியாது!