ரந்தம்போரில் புலியை மட்டும் தேடுவோர்

இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலச் சுற்றுலாத்துறையும் ரயில்வே திணைக்களமும் இணைந்து 1982 ஆம் ஆண்டு ஆரம்பித்த 'பலஸ் ஒன் வீல்ஸ்' சொகுசு ரயில், டில்லியிலிருந்து புறப்பட்டு ஒரு வார காலத்தில் கோட்டைகளையும் அரண்மனைகளையும் காட்டித் திரும்புகின்றது. முன்னாள் சமஸ்தான மன்னர்களின் பெட்டிகளோடு தொடங்கிய இச்சேவையின் கட்டணம் சாதாரண இந்தியப் பிரஜை எண்ணிப்பார்க்க முடியாததாகும்.

இந்த ரயில் சவாய் மாதோபூரில் நிற்பது புலிக்காகவே. ஜெய்ப்பூர் மன்னர்களின் வேட்டைக் காடாக இருந்த ரந்தம்போர், 1973 இல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தினுள் வந்தது. எலிசபெத் மகாராணியாரின் கணவர் இங்கு புலியைச் சுட்டு வீழ்த்தியது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னர்தான். இன்று காலையில் புலியைத் தேடும் பயணிகள் பிற்பகலில் சித்தோர்கர் சென்றுவிடுகின்றனர். காட்டின் நடுவே குன்றின் மீது நிற்கும் கோட்டை, பலருக்குப் புகைப்படத்தின் பின்னணி மாத்திரமே.

2013 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இக்கோட்டையை 1301 இல் அலாவுதீன் கில்ஜி கைப்பற்றினார். இதனை இந்து மன்னருக்கும் முஸ்லிம் சுல்தானுக்கும் இடையிலான சமயப் போராகச் சித்திரிப்பதே வழக்கமாகிவிட்டது. உண்மை அத்தனை எளிதானதன்று. குஜராத் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில், கொள்ளைப் பொருளின் பங்கீடு தொடர்பாகச் சுல்தானின் படையிலிருந்த மங்கோலிய முஸ்லிம் வீரர்கள் கிளர்ச்சி செய்தனர். முஹம்மத் ஷா என்பவரும் அவரது சகாக்களும் ரந்தம்போரில் தஞ்சம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு சுல்தான் கோரியபோது சௌகான் மன்னர் ஹம்மீர் மறுத்துவிட்டார். முற்றுகை அதன் பின்னரே வந்தது. மன்னரின் தளபதிகள் சிலர் எதிரியின் பக்கம் சேர, அடைக்கலம் பெற்ற முஹம்மத் ஷாவோ இறுதிவரை அவருக்காகப் போரிட்டார். அவரது விசுவாசத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டுச் சமணக் கவிஞர் நயசந்திர சூரியும் போற்றியுள்ளார்.

இதே ரயில் உதய்பூருக்கும் செல்கின்றது. அதற்கு அண்மையிலுள்ள ஹல்திகாட்டியில் 1576 இல் மொகலாயப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஆம்பேரின் ராஜபுத்திரரான மான் சிங். ராணா பிரதாப்பின் பக்கம் நின்ற தளபதிகளுள் ஒருவர் ஆப்கானியரான ஹகீம் கான் சூர். ஆயினும் 2018 இல் சித்தோர் அரசி பத்மினியைப் பற்றிய திரைப்படத்தை முன்னிட்டு வீதிகளில் வாகனங்கள் எரிக்கப்பட்டதை நாம் கண்டோம். அந்தக் கதையை 1540 அளவில் காவியமாக எழுதியவர் மாலிக் முஹம்மத் ஜாயஸி எனும் சூபிக் கவிஞர் என்பதை எரித்தவர்களுள் எத்தனை பேர் அறிந்திருந்தனரோ?

பெரும் தொகை செலவிட்டு வரும் பயணிக்கு வழிகாட்டிகள் எதைக் கூறுகின்றனர் என்பது சிறு விடயமன்று. அவர் தமது நாட்டுக்குக் கொண்டு செல்லும் இந்திய வரலாறு அதுவே. புலி தென்படாமலே திரும்புவோர் பலர். அவர்களுக்கேனும் ஹம்மீரினதும் முஹம்மத் ஷாவினதும் கதையை அந்த மதிலடியில் நின்று சொல்லலாம். அதற்கு அரை மணி நேரம் போதும்.