நெல்லித்தோப்பு மீன் கடையில் பேசும் பெட்டி!

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுவை நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் நிற்க இடம் இல்லை.

மீன் விற்கும் மூதாட்டியின் முன்னே நெத்திலி குவிந்து கிடக்கிறது. ஓர் இளைஞர் 200 ரூபாய்க்கு மீன் வாங்கினார். அவர் பணம் எடுக்கவில்லை. செல்போனை எடுத்தார். பலகையில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட படத்துக்கு நேரே அதைக் காட்டினார்.

"அனுப்பிட்டேன் ஆயா!"

"இருப்பா, பெட்டி சொல்லட்டும்!"

இரண்டு வினாடி சென்றது. தராசின் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி பேசியது: "இருநூறு ரூபாய் பெறப்பட்டது!"

ஆயா மீன் பையை நீட்டினார்.

விடியற்காலையில் ஏலம் எடுத்த மீன் அது. பெட்டி தப்பாகச் சொன்னால் ஆயாவின் அன்றைய லாபம் போய்விடும். பெட்டி பேசாமல் இருந்தால் வியாபாரமே நின்றுவிடும்.

சரி, அந்தப் பெட்டிக்குப் பணம் வந்தது எப்படித் தெரிந்தது? யார் போய்ச் சொன்னார்கள்?

வாருங்கள், பார்ப்போம்!

ஒரு சேதி, பல காதுகள்

இளைஞர் செலுத்திய முறைக்கு யு.பி.ஐ. என்று பெயர். 2016-ம் ஆண்டில் தொடங்கியது. இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் இதை நடத்துகிறது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் இந்த வழியில் 2,000 கோடி தடவைக்கு மேல் பணம் கைமாறியது. சராசரியாகப் பார்த்தால், வினாடிக்கு ஏழாயிரம் தடவைக்கு மேல்!

பணம் ஒரு பாங்கியில் கழிக்கப்பட்டு, இன்னொரு பாங்கியில் சேர்க்கப்படுகிறது. இது முதல் வேலை.

அந்தச் சேதியைப் பலருக்கும் சொல்ல வேண்டும். இது இரண்டாவது வேலை. பெட்டி பேச வேண்டும். இளைஞரின் செல்போனுக்குத் தகவல் போக வேண்டும். கணக்குப் பிரிவு பதிய வேண்டும். திருட்டைக் கண்காணிக்கும் பிரிவு, "இது இவருடைய வழக்கமான செலவுதானா?" என்று பார்க்க வேண்டும்.

சேதி ஒன்று. கேட்கும் காதுகளோ பல! எல்லோருக்கும் உடனே தெரிய வேண்டும். ஒருவருக்கும் விட்டுப் போகக் கூடாது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் என்ன ஆகும்? சொல்பவர் 10 பேர், கேட்பவர் 10 பேர் என்றால் 100 கம்பி வேண்டும். எந்தக் கம்பி அறுந்தது என்று தேடுவதற்குள் பொழுது விடிந்துவிடும். பெரிய கம்பெனிகள் இந்தச் சிக்கலில்தான் மாட்டிக்கொண்டு விழித்தன.

துபாஷ் காட்டிய வழி

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழியைப் புரிந்துகொள்ள, புதுவைக்காரர் ஒருவரின் கதை உதவும்.

ஆனந்தரங்கப் பிள்ளையைத் தெரியாதவர் புதுவையில் உண்டா? பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை, கண்டதையும் கேட்டதையும் தேதி வாரியாகத் தமிழில் எழுதி வைத்தார். கப்பல் வந்தால் எழுதினார். சண்டை நடந்தால் எழுதினார்.

இன்று அந்தக் குறிப்பை யார் யாரோ படிக்கிறார்கள். போர்க் கதை தேடுபவர் அதைப் பார்க்கிறார். பழைய வியாபாரம் பற்றி அறிய விரும்புபவர் அதையே பார்க்கிறார். பிள்ளை ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லவில்லை. ஒரு முறை எழுதினார். வேண்டியவர்கள் அவரவர் வேகத்தில் படித்துக்கொள்கிறார்கள்.

கடைக் கணக்குப் பிள்ளையின் சிட்டையும் இப்படித்தான். வரவு செலவு வரிசையாக ஏறும். எழுதியதை அழிப்பது இல்லை. தப்பு என்றால் அடுத்த வரியில் திருத்தம் எழுதுவார்.

கம்ப்யூட்டர் உலகம் கண்ட வழியும் இதுவே!

புனேயில் பிறந்த பெண்

அமெரிக்காவில் லிங்க்ட்இன் என்று ஒரு கம்பெனி. வேலை தேடுபவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் இணைப்பது அதன் தொழில். அங்கே கம்பிச் சிக்கல் முற்றிவிட்டது. ஜே கிரெப்ஸ், ஜுன் ராவ், நேகா நார்கடே ஆகிய மூன்று பொறியாளர்கள் அதைத் தீர்க்க முனைந்தார்கள். இவர்களில் நேகா, நம் நாட்டுப் புனேயில் பிறந்தவர். அங்கே படித்துவிட்டு, மேல் படிப்புக்கு அமெரிக்கா சென்றவர்.

அவர்கள் உண்டாக்கிய கம்ப்யூட்டர் சிட்டைக்கு "காஃப்கா" என்று பெயர். பிராக் நகரில் பிறந்த எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவின் பெயர் அது. எழுதுவதில் கெட்டியான யந்திரத்துக்கு எழுத்தாளர் பெயரை வைத்தார்கள்!

2011-ம் ஆண்டில் அதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2019-ம் ஆண்டில் லிங்க்ட்இன் கம்பெனியில் மட்டும் இந்தச் சிட்டையில் ஒரு நாளைக்கு 7 லட்சம் கோடி சேதிகள் ஏறின.

எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு சேதியும் சிட்டையின் கடைசி வரியில் ஏறும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு.

படிப்பவர்கள் தாங்கள் எந்த எண் வரை படித்தோம் என்று அடையாளம் வைத்துக்கொள்வார்கள். புத்தகத்தில் மயிலிறகு வைக்கிறோம் அல்லவா? அதுபோல! படிக்கும் யந்திரம் ஒன்று நடுவில் படுத்துவிட்டாலும் கவலை இல்லை. எழுந்ததும் மயிலிறகு இருக்கும் இடத்தில் இருந்து தொடரும். வேறு மாதிரி சொல்லி வைக்காவிட்டால், சேதிகள் ஏழு நாள் சிட்டையில் இருக்கும்.

எல்லாச் சேதியையும் ஒரே சிட்டையில் எழுத முடியுமா? முடியாது. ஆகவே பல சிட்டைகளாகப் பிரித்து, பல யந்திரங்களில் வைக்கிறார்கள். ஒரு கடையின் சேதி எப்போதும் ஒரே சிட்டைக்குப் போகும்படி செய்யலாம். அப்போதுதான் முதலில் வந்தது முதலிலும், பின்னால் வந்தது பின்னாலும் இருக்கும்.

ஒரு யந்திரம் எரிந்து போனால்? அதற்கும் வழி உண்டு. வழக்கமாக ஒவ்வொரு சிட்டைக்கும் மூன்று பிரதிகள், மூன்று யந்திரங்களில் இருக்கும். ஒன்று போனாலும் மற்றொன்று கை கொடுக்கும்.

500 கோடி முகங்கள்!

2019-ல் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்தது. ஹாட்ஸ்டாரில் ஆட்டம் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மகிழ்ச்சி வந்தால் சிரிக்கும் முகம், துக்கம் வந்தால் அழும் முகம் என்று பொம்மை முகங்களைத் தட்டி அனுப்பினார்கள். அந்தப் பந்தயங்களில் வந்தவை 500 கோடிக்கு மேல்!

அவை எல்லாம் காஃப்கா சிட்டையில் விழுந்தன. வேறொரு யந்திரம் அவற்றைப் படித்து எண்ணியது. நாடு சிரிக்கிறதா, அழுகிறதா என்பது சில வினாடிகளில் திரையில் தெரிந்தது.

ஓயாமல் கேட்டதால் வந்த வினை

ஒருவர் எழுதி வைக்க, மற்றவர்கள் படித்துக்கொள்வது நல்ல முறை. அப்படி இல்லாமல், "ஆச்சா? ஆச்சா?" என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தால்?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. யு.பி.ஐ. பல மணி நேரம் தடுமாறியது. கடை கடையாக மக்கள் தவித்தார்கள். காரணத்தை ஆராய்ந்தபோது, "அந்தப் பணம் போய்விட்டதா?" என்ற கேள்விகள் வெள்ளமாகக் குவிந்தது தெரிந்தது. சில பாங்கிகளின் கம்ப்யூட்டர்கள் பழைய கணக்குகளுக்குக்கூடத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன. கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே நேரம் போய், உண்மையான வேலை நின்றது.

அதன் பிறகு கட்டுப்பாடு வந்தது. 2025 ஆகஸ்டு 1 முதல், ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் மீதிப் பணம் எவ்வளவு என்று பார்க்க முடியாது.

இரண்டு முறை சொன்னால்?

காஃப்கா முறையிலும் ஒரு கண்டம் உண்டு. படிக்கும் யந்திரம் ஒரு வரியைப் படித்துவிட்டு, மயிலிறகை நகர்த்தும் முன்பே படுத்துவிடலாம். எழுந்ததும் அதே வரியை மறுபடியும் படிக்கும். அப்படிப் படித்ததை எல்லாம் பேசினால், ஒரே 200 ரூபாய் இரண்டு தடவை காதில் விழும்!

இதற்காகத்தான் ஒவ்வொரு வரவுக்கும் ஓர் எண் கொடுக்கிறார்கள். யு.பி.ஐ. வரவுக்கு 12 இலக்க எண் உண்டு. அதே எண் மறுபடி வந்தால், "இது பழைய சேதி" என்று தள்ளிவிடலாம்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

ஆயா சொன்னதே சரி! "பெட்டி சொல்லட்டும்" என்று அவர் காத்திருந்தார். வாங்குபவர் செல்போனில் காட்டும் படத்தை மட்டும் பார்த்து யாரும் ஏமாறக் கூடாது. பொய்ப் படம் தயார் செய்வது சுலபம். உங்கள் பெட்டி சொல்ல வேண்டும். அல்லது உங்கள் பாங்கிக் கணக்கில் வரவு தெரிய வேண்டும். ஒரு கடையில் பல பேர் கூடும்போது தொகையையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

பணம் செலுத்துபவருக்கும் ஒரு வார்த்தை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் பதறாதீர்கள். உடனே மறுபடி அனுப்பாதீர்கள். இரண்டு தடவை போய்விடும். 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் கழிந்த பணம் கடைக்குச் சேராவிட்டால், ஐந்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதம் ஆனால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். இது ரிசர்வ் பாங்கி 2019-ல் போட்ட விதி.

ஒரு முறை எழுது, ஒழுங்காக எழுது, எழுதியதை அழிக்காதே. கணக்குப் பிள்ளைகள் பரம்பரையாகக் கடைப்பிடித்த பாடம் இது. உலகத்தின் பெரிய கம்பெனிகள் இன்று இந்தப் பாடத்தைத்தான் பின்பற்றுகின்றன.

அதோ, நெல்லித்தோப்பில் பெட்டி மறுபடியும் பேசுகிறது. ஆயா அடுத்த தட்டு மீனை நிறுக்கிறார்!