வெற்றுக் கல்லறையும் கல்லறையே இல்லாத குடும்பங்களும்: கிறிஸ்துவின் உயிர்ப்பு நம்பிக்கையாளர்களுக்கு உணர்த்துவது என்ன?

திருவனந்தபுரம்: கிறிஸ்தவர்களின் நாட்காட்டியில் கிறிஸ்துமஸை விடவும் முதன்மையான பெருநாள் ஈஸ்டர். சிலுவையில் அறையப்பட்டு இறந்த இயேசு மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்பதே அந்நாளின் அடிப்படை நம்பிக்கை. கேரளத் தலைநகரில் பாளையம் புனித சூசையப்பர் பேராலயம், பட்டம் புனித மரியன்னை பேராலயம், எல்.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயம், விழிஞ்ஞம், பூந்துறை கடற்கரைப் பங்குகள் என ஒவ்வொன்றும் தத்தம் மரபுப்படி இந்நாளைக் கொண்டாடுகின்றன. மரபுகள் வேறானாலும் அவை அறிக்கையிடுவது ஒன்றையே: உயிர்த்தெழுந்தது இயேசுவின் ஆன்மா மட்டும் அன்று, அவரது உடலும்தான்.

இந்த 'உடல்' என்ற சொல்லைத் திருவனந்தபுரம் கடற்கரையில் எளிதாகக் கடந்துவிட முடியாது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 29, 30 தேதிகளில் கன்னியாகுமரியையும் தென் கேரளத்தையும் ஒட்டிக் கடலில் வீசிய ஒக்கி புயலில் இரு மாநிலங்களையும் சேர்ந்த 300க்கும் மேற்பட்ட மீனவர்கள் உயிரிழந்தனர் அல்லது காணாமல் போயினர். அவர்களில் பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. கரை ஒதுங்கிய உடல்களிலும் பலவற்றை முகத்தைக் கொண்டு அடையாளம் காண இயலாமல், மரபணுப் பரிசோதனை வழியாகவே உறவினர்களிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

இந்தப் பேரிடரில் பெரும் இழப்பைச் சந்தித்த பகுதிகளுள் ஒன்று தமிழ்நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி உள்ளிட்ட கடற்கரை ஊர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்றவை. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதும், இவ்வூர்களின் பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்திலேயே நீடித்தன. புயல் வீசிய காலத்தில் அதன் பேராயராக இருந்த எம். சூசைப்பாக்கியமும் இப்பகுதியின் மார்த்தாண்டன்துறையைச் சேர்ந்தவரே. 1544ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர் கடற்கரையில் மீனவர்களுக்குத் திருமுழுக்கு அளித்ததிலிருந்து தொடரும் கத்தோலிக்க மரபு இவர்களுடையது.

புயலுக்கு அடுத்த ஈஸ்டர் 2018 ஏப்ரல் 1ஆம் தேதி வந்தது. கடலுக்குச் சென்றவர்கள் கரை திரும்பாமல் அப்போது நான்கு மாதங்கள் கடந்திருந்தன. காணாமல் போன ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்துவிட்டதாகக் கருதலாம் என்பது இந்திய சாட்சியச் சட்டம் வகுத்திருந்த நெறி. அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி இரு மாநில அரசுகளும் குடும்பங்களுக்கு நிதி வழங்கின. அரசின் கோப்பில் அதன் பிறகு ஐயம் இல்லை. ஆனால் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைத் தூய்மை செய்து மெழுகுவர்த்தி ஏற்றும் நவம்பர் 2ஆம் தேதி, இக்குடும்பங்களுக்குச் சென்று நிற்க ஓர் இடம் இல்லை. உடலின் உயிர்ப்பை நம்பும் சமயம், உடலே கிடைக்காதவர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

உயிர்ப்பு என்பது மறுபிறவி அன்று

இந்தியச் சூழலில் கிறிஸ்தவ உயிர்ப்பு நம்பிக்கை பெரும்பாலும் இரண்டு வேறு கருத்துகளோடு குழப்பிக்கொள்ளப்படுகிறது. ஒன்று, ஆன்மா அழியாமல் நிலைத்திருக்கும் என்பது. மற்றொன்று, ஆன்மா வேறோர் உடலில் மீண்டும் பிறக்கும் என்பது. கிறிஸ்தவக் கோட்பாடு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இறந்த மனிதரே, தமக்கே உரிய உடலோடு, மீண்டும் இறக்காத புதிய வாழ்வுக்கு எழுப்பப்படுவார் என்கிறது அது. நற்செய்தியில் இயேசுவால் உயிர்ப்பிக்கப்பட்ட லாசருவின் நிகழ்வும் இதற்கு முழு எடுத்துக்காட்டு ஆகாது. லாசரு பழைய வாழ்வுக்கே திரும்பினார். பின்னொரு நாள் மீண்டும் இறந்திருப்பார்.

இயேசுவின் காலத்து யூதர்களிடையே இது புதிய எண்ணம் அன்று. உலக முடிவில் இறந்தோர் அனைவரும் எழுப்பப்படுவர் என்று பரிசேயர் நம்பினர். சதுசேயர் அதை மறுத்தனர். முடிவில் அனைவருக்கும் நிகழும் என எதிர்பார்த்த ஒன்று, வரலாற்றின் நடுவிலேயே ஒருவருக்கு நிகழ்ந்துவிட்டது என்று சீடர்கள் அறிவித்ததுதான் புதுமை. ஏறத்தாழ கி.பி. 50களின் நடுப்பகுதியில் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தில் புனித பவுல் இதற்கு அறுவடையின் முதற்கனி என்ற உருவகத்தைக் கையாள்கிறார். முதற்கனி கைக்கு வந்துவிட்டால் மீதி விளைச்சலும் வரும் என்பது உழவர் அறிந்த உண்மை. இயேசுவின் உயிர்ப்பு தனித்து நிற்கும் அற்புதம் அன்று, பின்னால் வரப்போகும் அனைவரது உயிர்ப்பின் தொடக்கம் என்பதே அவர் வாதம். அது நடக்கவில்லை என்றால் கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதும் பொருளற்றது என்று அதே கடிதத்தில் அவர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். தம் சமயத்தின் அடித்தளம் எது, அது எங்கே உடையக்கூடும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சுட்டிய சமய ஆசிரியர் அரிது.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதை 'உயிர்ப்பு' என்றும், பிற திருச்சபையினர் பெரும்பாலும் 'உயிர்த்தெழுதல்' என்றும் குறிப்பிடுகின்றனர். மலையாளத்திலும் ஈஸ்டருக்கு உயிர்ப்பு ஞாயிறு என்றே பெயர். பழந்தமிழில் உயிர்ப்பு என்பதற்கு மூச்சு என்ற பொருள் உண்டு. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்கள் மேல் மூச்சை ஊதினார் என்று யோவான் நற்செய்தி கூறுவதை வைத்துப் பார்த்தால், இந்தச் சொல்லின் பொருத்தம் வியப்பளிக்கிறது.

முதலில் இருந்தது துயரமே

ஈஸ்டர் நிகழ்வுகள் மகிழ்ச்சியில் தொடங்குவதில்லை. உடலைக் காணவில்லை என்பதே முதல் செய்தி. நான்கு நற்செய்திகளின்படியும் கல்லறைக்கு முதலில் சென்றவர்கள் பெண்களே. எத்தனை பெண்கள், யார் யார், அங்கு யாரைக் கண்டனர் என்பதில் நான்கும் வேறுபடுகின்றன. மாற்கு நற்செய்தியோ, மிகப் பழைய முழுமையான கையெழுத்துப் படிகளில், பெண்கள் அஞ்சி ஓடியதோடு முடிந்துவிடுகிறது. பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைவாக இருந்த காலம் அது. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை விமர்சித்த கெல்சுஸ் இதையே சுட்டிக்காட்டி ஏளனம் செய்தார். ஆயினும் இந்த விவரம் நற்செய்திகளிலிருந்து நீக்கப்படவில்லை.

யோவான் நற்செய்தியில் மகதலா மரியா கல்லறைக்கு வெளியே நின்று அழுகிறார். உயிர்ப்பு என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. உடலை யாரோ எடுத்துச் சென்றுவிட்டனர் என்று நினைக்கும் அவர், எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி, உடலை எங்கே வைத்தீர் என்று கேட்கிறார். சொன்னால் தாமே எடுத்துச் செல்வதாகவும் கூறுகிறார். தம் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பிறகே அவர் இயேசுவை அடையாளம் கண்டுகொள்கிறார். புயலுக்குப் பின் மருத்துவமனைகளின் பிணவறைகளுக்குச் சென்று வந்த மீனவக் குடும்பங்களுக்கு மரியாவின் அந்தக் கேள்விக்கு விளக்கவுரை தேவைப்படாது.

கேரளக் கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையின் தந்தையாகப் போற்றும் புனித தோமாவும் ஐயத்தோடுதான் இந்நிகழ்வில் நுழைகிறார். அவர் கி.பி. 52இல் மலபார் கடற்கரைக்கு வந்தார் என்பது மரபுச் செய்தி. காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அவர் கூறியதாக நற்செய்தி சொல்கிறது. உயிர்த்தெழுந்த உடலிலும் ஆணிக் காயங்கள் மறையவில்லை என்பது இறையியலாளர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசும் செய்தி. பட்ட துன்பம் நடக்காதது போல் அழிக்கப்படவில்லை.

கடற்கரை மக்களுக்கு மிக நெருக்கமானது யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம். இயேசு இறந்த பிறகு பேதுருவும் வேறு ஆறு சீடர்களும் மீண்டும் மீன்பிடிக்கச் செல்கின்றனர். இரவு முழுவதும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடியும் நேரத்தில் கரையில் நிற்கும் ஒருவர், படகின் வலப்பக்கம் வலையை வீசச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள் சிக்குகின்றன. அவர்கள் கரையேறும்போது கரி நெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தமாக உள்ளன. ஆவியோ நிழலோ அன்று, மீன் சுட்டுப் பரிமாறும் ஒருவர் என்று காட்டுவதே இந்த நிகழ்வின் நோக்கம். கடலில் இரவைக் கழித்தவர்களுக்காகக் கரையில் ஒருவர் அடுப்பு மூட்டிக் காத்திருக்கும் காட்சி, உரோமை நகரின் வாசகரை விட விழிஞ்ஞம் வாசகருக்கு எளிதில் விளங்கும்.

கடலில் மறைந்தவர்கள்

உடல் கிடைக்காதவர்கள் பற்றிய கேள்வி ஒக்கியோடு தோன்றியதன்று. கி.பி. 410இல் உரோமை நகரம் சூறையாடப்பட்டபோது கிறிஸ்தவர்கள் பலரின் உடல்கள் அடக்கமின்றிக் கிடந்தன. அதன் பின்னணியில் 'கடவுளின் நகரம்' நூலை எழுதிய ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தீன், அடக்கச் சடங்கு இறந்தவருக்கு உதவுவதை விட உயிரோடு இருப்பவர்களுக்கே ஆறுதல் என்றார். அடக்கம் இல்லாததால் எவரும் உயிர்ப்பை இழப்பதில்லை என்பது அவர் முடிவு. அதே நூலின் இறுதிப் பகுதியில், கப்பல் உடைந்து நீரில் மூழ்கி உருக்குலைந்தவர்களின் உடல் எவ்வாறு எழும் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டதையும் எடுத்துக்கொண்டு பதில் அளிக்கிறார்: படைத்தவருக்கு மீட்டுத் தருவது அரிதன்று. திருவெளிப்பாடு நூலின் இறுதித் தீர்ப்புக் காட்சியிலும், இறந்தோரைத் திருப்பி ஒப்படைப்பவற்றுள் கடல் முதலில் சொல்லப்படுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத்தை அனுமதித்தபோதும், உடல் எரிந்து சாம்பலாவது உயிர்ப்புக்குத் தடையாகாது என்பதே அடிப்படையாக அமைந்தது. அதேவேளை 2016இல் வெளியான வத்திக்கான் அறிவுறுத்தல், சாம்பலைக் கடலிலோ காற்றிலோ தூவக் கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. அடக்கம் இன்றியமையாதது அன்று. ஆனால் உடல் எப்படியானாலும் சரி என்பதும் அன்று. கோட்பாட்டளவில் தெளிவான இந்த நிலைப்பாடு, காணாமல் போனவரின் மனைவிக்கு ஒரே நேரத்தில் ஆறுதலாகவும் வலியாகவும் இருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. உடலை மதிக்கக் கற்றுத்தரும் சமயம், உடல் இல்லாத வெறுமையையும் ஆழமாக உணரச் செய்கிறது.

துயரப்படுவது நம்பிக்கைக் குறைவு அன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கி.பி. 50ஐ ஒட்டித் தெசலோனிக்க நகரத்தாருக்குப் பவுல் எழுதிய கடிதம், அன்புக்குரியவர்களை இழந்து கலங்கியவர்களுக்கானது. அவர் அழ வேண்டாம் என்று தடுக்கவில்லை. நம்பிக்கையற்றோர் அழுவதிலிருந்து அந்த அழுகை வேறுபட வேண்டும் என்றே கேட்டுக்கொண்டார்.

வழிபாட்டில் உயிர்ப்பு

லத்தீன் மரபில் சனிக்கிழமை இரவு நடைபெறும் பாஸ்கா திருவிழிப்பு ஆண்டின் முதன்மையான வழிபாடு. ஆலயத்துக்கு வெளியே புதிய தீ மூட்டப்பட்டு, அதிலிருந்து பாஸ்கா திரி ஏற்றப்படுகிறது. அந்தத் திரியில் நடப்பு ஆண்டின் எண்கள் பொறிக்கப்பட்டு, ஐந்து காயங்களைக் குறிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்படுகின்றன. இருளில் இருக்கும் மக்கள் அதிலிருந்து தங்கள் மெழுகுவர்த்திகளை ஏற்றிக்கொள்கின்றனர்.

பட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சீரோ மலங்கரை கத்தோலிக்கத் திருச்சபை மேற்குச் சிரிய மரபைச் சேர்ந்தது. அங்கே புனித வெள்ளியன்று சிலுவை அடக்கம் செய்யப்பட்டு, ஈஸ்டர் வழிபாட்டில் செந்துணி அணிவித்து வெளியே எடுத்து வரப்படுகிறது. தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் ஞாயிறு விடியற்கால ஆராதனையே சிறப்பு. பெண்கள் கல்லறைக்குச் சென்ற நேரத்தை அது நினைவூட்டுகிறது.

ஈஸ்டர் ஒரே நாளில் முடிவதில்லை. பெந்தக்கோஸ்து வரை 50 நாள்கள் நீடிக்கும் காலம் அது. அந்நாள்களில் பீடத்தருகே நிற்கும் பாஸ்கா திரி, பின்னர் திருமுழுக்குத் தொட்டி அருகே வைக்கப்பட்டு, ஆண்டு முழுவதும் இரண்டு சடங்குகளில் ஏற்றப்படுகிறது. ஒன்று திருமுழுக்கு. மற்றொன்று அடக்கத் திருப்பலி. அப்போது சவப்பெட்டியின் அருகே அது எரியும். உடல் இல்லாமலும் அத்திருப்பலியை நிறைவேற்றத் திருச்சபை அனுமதிக்கிறது.