அப்பத்தா, நான் இப்ப பர்மாக்காரன்!

"ஹலோ டெலிகேட்! உங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ள நாடு: மியான்மர்."

மெயிலைப் பார்த்ததும் எனக்குச் சப்புனு ஆயிடுச்சு. அமெரிக்கா கிடைச்சா கெத்தா வீட்டோ போடலாம். பிரான்ஸ் கிடைச்சா கோட் மாட்டிக்கிட்டு ஸ்டைலா பேசலாம். மியான்மரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? வீட்டில் சொன்னப்போ அப்பத்தா முகமே மாறிடுச்சு. "பர்மாவா? நம்ம வயலையெல்லாம் பிடுங்கிக்கிட்டு அனுப்பினவங்கப்பா... அவங்களுக்காகவா நீ பேசப்போறே?"

அந்தக் கேள்விக்கு அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. பத்து நாள் தயாரிப்பில் கிடைச்சதைத்தான் இப்போ உங்ககிட்ட சொல்லப்போறேன்.

'மாடல் யுனைட்டெட் நேஷன்ஸ்', சுருக்கமா எம்.யூ.என். கேள்விப்பட்டிருப்பீங்க. ஆளுக்கொரு நாட்டின் தூதரா உட்கார்ந்து, ஐ.நா. மாதிரியே விவாதிச்சு, தீர்மானம் எழுதி ஓட்டுப் போடற மாணவர் சபை. ஐ.நா. பிறக்கறதுக்கு முன்னாடி, 1920-களிலேயே லீக் ஆஃப் நேஷன்ஸ் மாடலில் மாணவர்கள் இதை ஆரம்பிச்சுட்டாங்க. காரைக்குடியில் இன்ஜினீயரிங் படிக்கிற நானும் என் நண்பனும் திருச்சியில் நடக்கிற ஒரு சபைக்குப் பேர் கொடுத்தோம். கமிட்டி, பாதுகாப்பு கவுன்சில். தலைப்பு, மியான்மர் நிலவரம். அவனுக்கு இந்தியா. எனக்கு... அதான் சொன்னேனே!

முதல்ல கணக்கு!

பாதுகாப்பு கவுன்சிலில் 15 நாடுகள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் அஞ்சும் நிரந்தரம். மீதி பத்தும் ரெண்டு வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படறவை. தீர்மானம் ஜெயிக்க 9 ஓட்டு வேணும். ஆனா நிரந்தர நாடுகளில் ஒண்ணு எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் அவ்ளோதான், அதுதான் வீட்டோ! 2007 ஜனவரியில் மியான்மர் பற்றிய ஒரு தீர்மானத்துக்குச் சரியா 9 ஓட்டு கிடைச்சுது. ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்ததால் ஆள் காலி.

2021 பிப்ரவரி 1-ம் தேதி மியான்மர் ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. ஆங் சான் சூகி கைதானார். 2022 டிசம்பர் 21-ல் கவுன்சில் 2669-ம் எண் தீர்மானத்தை நிறைவேத்துச்சு. ஆதரவு 12. எதிர்ப்பு பூஜ்யம். ஓட்டுப் போடாம ஒதுங்கினவங்க மூணு பேர். சீனா, ரஷ்யா... அப்புறம் நம்ம இந்தியா! அந்த மாசம் கவுன்சிலுக்குத் தலைமை வகிச்சதும் இந்தியாதான்.

"ஜனநாயக நாடு ஏன்டா ஒதுங்குச்சு?" நண்பன் மண்டையைப் பிய்ச்சுக்கிட்டான். மேப்பை விரிச்சோம். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம்னு நாலு மாநிலத்தில் சுமார் 1,640 கிலோமீட்டர் எல்லை. அந்தப் பக்கம் சண்டைன்னா இந்தப் பக்கம் அகதிகள். தீர்மானம் போட்டா ரெண்டு தரப்பும் இன்னும் பிடிவாதமாகும், பேச்சுவார்த்தைதான் வழின்னு இந்தியா அன்னிக்குக் காரணம் சொல்லியிருக்கு.

"எனக்கு இதில் உடன்பாடு இல்லைடா"ன்னான். உடன்பாடு வேணாம் மச்சி, புரிஞ்சா போதும். எம்.யூ.என்.-ல் பேசறது நீங்க இல்லை, உங்க நாடு. அதனால 'பொசிஷன் பேப்பர்' எழுதறப்போ மூணே கேள்விக்குப் பதில் தேடுங்க. நம்ம நாடு இதுவரை எப்படி ஓட்டுப் போட்டிருக்கு? எதுக்கு ஒத்துக்கும்? எதுக்குச் செத்தாலும் ஒத்துக்காது?

எல்லைன்னா எங்கேயோ இருக்கிற சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நண்பன் வீடு இங்கே பர்மா காலனியில். 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்து கடைகளைத் தேசியமயமாக்கினப்போ, லட்சக்கணக்கான இந்தியர்களோட கப்பலேறினவர் அவன் தாத்தா. அப்படி வந்தவங்களில் சிலர் இங்கே பிழைக்க முடியாம தரைவழியா பர்மாவுக்கே திரும்பப் பார்த்து, மணிப்பூர் எல்லையில் மோரேயில் தங்கிட்டாங்க. அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கு, அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கு!

எந்த மியான்மர்?

என் சிக்கல் வேற. கவுன்சிலில் உறுப்பினரா இல்லாத நாட்டையும் அதன் பிரச்னைன்னா கூப்பிட்டுப் பேசவிடுவாங்க. ஓட்டு மட்டும் கிடையாது. சரி, நான் யாருக்காகப் பேசணும்? ராணுவத்துக்கா, மக்களுக்கா? 2021 பிப்ரவரி 26-ல் மியான்மர் தூதர் சா மோ துன், ஐ.நா. பொதுச் சபையில் தன் நாட்டு ராணுவத்தையே எதிர்த்துப் பேசிட்டு, மூணு விரலை உயர்த்திக் காட்டினார். மறுநாளே ராணுவம் அவரை நீக்கினதா அறிவிச்சுது. ஆனா அந்த நாற்காலி யாருக்குங்கற முடிவை 2021 டிசம்பரில் ஐ.நா. ஒத்திப்போட்டதால, அவரே உட்கார்ந்திருந்தார். அப்பாடா, எனக்கு ஆள் கிடைச்சாச்சு!

இங்கிலீஷ் பயமா? எனக்கும் கை நடுங்கும். 90 செகண்ட் பேச்சை முதல்ல தமிழில் யோசிச்சேன். ஒரு பிரச்னை, ஒரு ஆதாரம், ஒரு கோரிக்கை. மூணு வாக்கியம் தெளிவா இருந்தா இங்கிலீஷ் தானா வரும். வினைச்சொல்லில் மட்டும் உஷாரா இருங்க. 2669-ல் வன்முறையை நிறுத்தணும்கற இடத்தில் 'டிமாண்ட்ஸ்'. கைதிகளை விடுங்கங்கற இடத்தில் 'அர்ஜஸ்'. முதலாவது உத்தரவு மாதிரி, ரெண்டாவது வற்புறுத்தல். ஒரு சொல்லை இறக்கினா ஒரு ஓட்டு கிடைக்கும். ராஜதந்திரம்னா பாதி இதுதான்.

அப்பத்தா வயல்

எங்க வீட்டு வளவில் பர்மா தேக்குத் தூணுக்கு நடுவுல உட்கார்ந்துதான் ரிகர்சல். ஒருநாள் இந்தியாவான நண்பன், மியான்மரான என்னை மடக்கினான். "எங்க மக்களோட சொத்தையெல்லாம் பறிச்சீங்களே?" பதிலுக்குப் பழைய கணக்கைத் தேடினேன். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-ல் 25 சதவீதம்! நடுவில் வந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிஞ்சுது, விவசாயியால் வட்டி கட்ட முடியலை, அடமானம் வெச்ச நிலம் கைமாறுச்சு. 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பத்தாவுக்கு அது பறிகொடுத்த வயல். ஐராவதி டெல்டா விவசாயிக்கு அதுக்கு முன்னாடியே பறிபோன வயல். ஒரே வயல்தான்!

தயங்கித் தயங்கி இதை அப்பத்தாகிட்ட சொன்னேன். அவங்க அப்பச்சி, அதாவது அப்பா, அங்கே லேவாதேவி கடை வெச்சிருந்தவர். அப்பத்தா ரொம்ப நேரம் பேசலை. வெத்தலையை மடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "அந்தச் சம்சாரி என்ன பாடுபட்டிருப்பான்னு நான் ஒருநாளும் நெனச்சதில்லப்பா. ஆனா எங்க அப்பச்சி கெட்டவுக இல்லை. அதையும் எழுதிக்க"ன்னாங்க.

எழுதிக்கிட்டேன் அப்பத்தா, ரெண்டையும்.

வர்ற சனிக்கிழமை திருச்சியில் 'மியான்மர்'னு எழுதின அட்டையைத் தூக்கப்போறேன். பரிசு கிடைக்குதோ இல்லையோ, எனக்கு ஒதுக்கினவங்களுக்கு தேங்க்ஸ். உங்களுக்கும் பிடிக்காத நாடு கிடைச்சா மாத்தித் தரச் சொல்லிக் கேட்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். அதுதான் உங்களுக்கு அதிகம் சொல்லித் தரும்!