காப்புரிமை ஏடுகள் காட்டும் திசை

தொழில் நுணுக்கங்களைத் தந்தை மகனுக்கன்றிப் பிறர்க்கு உரையாது காத்தல் பழைய வழக்கம். கற்பதற்கு வழித்தோன்றல் இல்லையாயின், அந்நுணுக்கம் அவருடனேயே மறைந்துபோகும். இந்நிலைக்கு மாற்றாக அமைந்ததே காப்புரிமை எனலாம். கண்டுபிடித்தவர் தம் செய்முறையைத் தெளிவாக எழுதித் தருகிறார். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகள் பிறர் அதனைப் பயன்படுத்தாவண்ணம் தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு வழங்குகிறது. எனவே காப்புரிமை ஆவணம் உடையவருக்கு வேலி, படிப்பவருக்கோ பாடம்.

மின்னணுத் தொழிலில் இப்பாடம் மிகவும் பயன்தருவது. ஒரு கருவி கடைக்கு வருமுன்னரே, அதன் அடிப்படைக் கருத்து பெரும்பாலும் காப்புரிமை ஏடுகளில் இடம்பெற்றுவிடுகிறது. 1971ஆம் ஆண்டின் ஸ்டிராஸ்பர்க் உடன்படிக்கையின்படி, ஒவ்வோர் ஆவணத்திற்கும் துறைவாரியாக வகைப்பாட்டு எண் இடப்படுகிறது. ஓர் எண்ணின்கீழ் ஆண்டுதோறும் விண்ணப்பங்கள் பெருகுகின்றனவா, புதிதாக நுழையும் நிறுவனங்கள் யாவை, எந்த ஆவணத்தைப் பின்வந்தோர் மிகுதியாக மேற்கோள் காட்டுகின்றனர் என்பவற்றை நோக்கினால், தொழில் செல்லும் திசை ஒருவாறு புலப்படும்.

அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிலிம் சுருளால் பெயர்பெற்ற அந்நிறுவனத்தில், 1975இல் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் சுருளே இல்லாத மின்னணு ஒளிப்படக் கருவியை உருவாக்கினார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 வினாடிகள் தேவைப்பட்டன. அக்கருவிக்கு 1978 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. அதே நிறுவனத்தின் சிங் டாங் 1980இல் விண்ணப்பித்து, 1982இல் கரிமப் பொருளால் ஒளியுமிழும் மின்கலத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1997இல் ஜப்பானின் பயனியர் நிறுவனம் அவ்வகைத் திரையைக் காரின் இசைக்கருவியில் அமைத்து விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று பல கைப்பேசிகளின் திரை இவ்வகையினதே.

ஆக, வருங்காலத்தின் இரு சுவடுகள் பல ஆண்டுகள் முன்னரே அச்சில் இருந்தன. ஆயினும் கோடாக் பெரிதும் பிலிம் வருவாயையே நம்பியிருந்தது. ஒளியுமிழ் திரைத் தொழிலை 2009இல் எல்ஜி நிறுவனக் குழுமத்திற்கு விற்க உடன்பட்டது. 2012 ஜனவரியில் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. காப்புரிமை திசையைக் காட்டும்; நடக்கும் துணிவை அது தருவதில்லை.

ஏடுகளைப் படிப்போர் சில எச்சரிக்கைகளையும் மறத்தலாகாது. விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்கள் கழித்தே வெளியிடப்படுவதால், அண்மை நிலை அதில் தெரியாது. ஒரே கண்டுபிடிப்பு பல நாடுகளில் பதிவாகும். அவற்றைத் தனித்தனியே எண்ணினால் கணக்குப் பிழைக்கும். எண்ணிக்கை மிகுதி தரத்திற்குச் சான்றாகாது. போட்டியாளரின் வழியை அடைக்கவே பெறப்படும் காப்புரிமைகளும் உண்டு.

இவ்வாவணங்களை இன்று கணினி வழியே எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். மேலும், காப்புரிமை அது வழங்கப்பட்ட நாட்டிற்குள் மட்டுமே செல்லும். இந்தியாவில் உரிமை பெறப்படாத செய்முறையையும் காலம் கடந்த செய்முறையையும் அவற்றின் காப்புரிமை இங்குத் தடுக்காது. பொறியியலும் அறிவியலும் பயிலும் மாணவர்கள் பாடநூலுடன் இவ்வேடுகளையும் படிக்கப் பழகுவார்களாயின், பிறர் செய்து முடித்ததையே மீண்டும் செய்து காலத்தை இழக்கமாட்டார்கள். அடுத்து எதைச் செய்யலாம் என்பதையும் அறிவார்கள்.