மழை நாட்டில் துவக்கு

இலங்கையின் இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. கோப்பித் தோட்டம் போட வந்த வெள்ளைத் துரைமாரின் வேட்டைத் துவக்குகளுக்கு இந்த ஈரமே பெரிய எதிரியாக இருந்தது. குழல் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, தக்கை அடைத்து, சன்னம் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். பின்பக்கத்தில், சுத்தியல் அடித்ததும் தீப்பொறி தரும் ஒரு செப்புக் கேப்பு வைக்க வேண்டும். மருந்து நனைந்திருந்தால் பன்றி பாயும் நேரத்தில் சுத்தியல் விழும், வெடி கிளம்பாது. வெடித்தாலும் தொல்லைதான். குழலில் படியும் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அன்றிரவே கழுவாவிட்டால் துருப்பிடிக்கும்.

மருந்து, சன்னம், பற்றவைக்கும் இரசாயனம் மூன்றையும் ஒரே கூட்டில் அடைக்கலாம் என்று 1812இலேயே பாரிஸில் காட்டியவர் துவக்குக்காரர் பௌலி. அவர் காலத்தில் அது பரவவில்லை. பிறகு இன்னொரு துவக்குக்காரரான லெஃபோஷோவின் தோட்டா வந்தது. அதன் பக்கவாட்டில் ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், சுத்தியல் அதைத்தான் அடிக்கும். 1851 லண்டன் கண்காட்சியில் அதைப் பார்த்த பிறகே ஆங்கிலேயத் துவக்குக்காரர்கள் முறித்துத் திறக்கும் குழலுக்கு மாறத் தொடங்கினார்கள். ஆனால் ஊசித் துளையால் வாயு கசியும். ஊசி எதிலாவது மோதினால் கையிலேயே வெடிக்கலாம்.

1861இல் லண்டனில் துவக்குக்காரர் ஜார்ஜ் டா விற்பனைக்குக் கொண்டுவந்த தோட்டாவில் ஊசி இல்லை. கேப்பு அடித்தட்டின் நடுவில் பதிந்திருந்தது. அதனால் இதற்கு 'சென்டர் ஃபயர்' என்று பெயர். அடி விழுந்ததும் கேப்பிலுள்ள இரசாயனம் உள்ளேயிருக்கும் சிறு பட்டடையில் நசுங்கித் தீப்பொறி கக்கும். அந்தத் தீ துளைவழியே மருந்துக்குப் பாயும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த கணம். மருந்து எரிந்து எழும் வாயுவின் அழுத்தத்தில் கூடு விரிந்து குழல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; பின்பக்கம் ஒரு துளி வாயுவும் வராது. அழுத்தம் தணிந்ததும் கூடு சுருங்கி, கையால் இழுக்க வரும். காப்புரிமை வழக்கில் எலி சகோதரர்கள் (Eley Brothers) என்ற தோட்டா நிறுவனத்திடம் டா தோற்க, தோட்டா எல்லாருடைய சொத்தானது.

1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்து, எட்டியாந்தோட்டையிலும் பலாங்கொடையிலும் தேயிலை ஏறியபோது பங்களாச் சுவர்களில் தொங்கியது இந்தத் தோட்டா போடும் இரட்டைக்குழல் துவக்குதான். ஈரம் அப்போதும் விடவில்லை. காகிதக் கூடு ஊதிப் பருத்துக் குழலுக்குள் நுழைய மறுத்தது. மெல்லிய பித்தளைக் கூடும், நீர்புகா 'பெகமோய்ட்' பூச்சும் அதற்கு வந்த பரிகாரம். 1971 ஏப்ரலில் அரசுக்கு எதிராக எழுந்த கேகாலைக் கிளர்ச்சியாளர் வீடுவீடாகப் பறித்தவையும் இத்தகைய துவக்குகளே.

தோட்டா வாங்க அனுமதிப்பத்திரம் வேண்டும், காசும் வேண்டும். ஆகவே வாய்வழி நிரப்பும் பழைய முறை சாகவில்லை. பன்றித் தடத்தில் கம்பி இழுத்துக் கட்டும் 'கட்டுத் துவக்கு' அதன் வாரிசு. அது சட்டவிரோதம். பயிரைப் பன்றிக்குப் பறிகொடுக்கும் ஏழை விவசாயியின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தக் கம்பிக்கு ஆள் தெரியாது. பன்றியின் உயரத்துக்குக் கட்டியதால் விறகுக்குப் போகிறவரின் காலில்தான் அடி விழுகிறது. ஈயத்தோடு தக்கையும் துணியும் மண்ணும் சதைக்குள் போவதால் ஒரே அறுவைச் சிகிச்சையில் காயம் சுத்தமாவதில்லை. சிலருக்குக் காலே போய்விடுகிறது.